இயற்கைப் புவியியலின் கிளைகள்: எது எதைப் படிக்கிறது, எல்லைக்கோடு எங்கே?

இளம்பிறை

வணக்கம் நண்பர்களே. இயற்கைப் புவியியலை இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். எந்த நூலைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல் வந்துவிடுகிறது: புவிப்புறவியல், காலநிலையியல், நீரியல், கடலியல், மண்ணியல், உயிர்ப்புவியியல், பனியாற்றியல் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். படித்து முடித்தால் சந்தேகம்தான் கூடுகிறது.

மலையைப் படிப்பது நிலவியலா, புவிப்புறவியலா? மழை யாருடைய பொருள், காலநிலையியலாருடையதா, நீரியலாருடையதா? பனியாறும் நீர்தானே, அதற்கு ஏன் தனிக் கிளை? மனப்பாடம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இந்தப் பிரிவினை எதற்காக என்று புரிந்துகொள்ள ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடைக்கல்

நல்ல கேள்வி. பொருளை வைத்துப் பிரித்தால் கடைசிவரை குழப்பம்தான். ஒவ்வொரு கிளையும் என்ன கேட்கிறது என்று பாருங்கள், விளங்கிவிடும்.

மலையையே எடுத்துக்கொள்வோம். இமயமலையின் பாறைகள் எவை, எப்போது உருவாயின, இந்தியத் தட்டும் யுரேசியத் தட்டும் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதியபோது அவை எப்படி மடிந்தன என்பவை நிலவியலின் கேள்விகள். அந்த மலை இன்று ஏன் இந்த வடிவில் நிற்கிறது, இந்தப் பள்ளத்தாக்கின் அடி ஏன் குறுகலாக இருக்கிறது, பக்கத்துப் பள்ளத்தாக்கின் அடி ஏன் தொட்டிபோல் அகன்றிருக்கிறது, சரிவு ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று கேட்பது புவிப்புறவியல். முதலாவதை ஆறு குடைந்தது, இரண்டாவதைப் பனியாறு குடைந்தது என்று வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தத் துறைக்குள்ளேயே ஒரு பெரிய கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கரான வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899-இல் 'புவியியல் சுழற்சி' என்று ஒரு கொள்கையை விளக்கி எழுதினார். நிலம் உயர்கிறது, இளமை, முதிர்ச்சி, முதுமை என்று தேய்ந்து கடைசியில் சமவெளியாகிறது என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1877-இல், ஹென்றி மலைகளை ஆராய்ந்த குரோவ் கார்ல் கில்பர்ட் வேறுவிதமாகப் பார்த்தார். அரிக்கும் விசைக்கும் பாறையின் எதிர்ப்புக்கும் இடையே எட்டப்படும் சமநிலைதான் நிலத்தின் வடிவம் என்றார். பள்ளிப் பாடங்களில் டேவிஸ் நின்றுவிட்டார். ஆய்வாளர்கள் இன்று கில்பர்ட்டின் வழியில்தான் அதிகம் நடக்கிறார்கள். இப்போது குவார்ட்ஸ் கற்களில் அண்டக் கதிர்கள் உண்டாக்கும் பெரிலியம்-10 அளவை எடுத்து, ஒரு பாறை எவ்வளவு காலமாக வெளியில் தெரிகிறது, சரிவு எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்றே கணக்கிடுகிறார்கள். வயதை ஊகிக்க வேண்டிய நிலை போய்விட்டது.

மாரிமுகில்

மழைக்கு நான் பதில் சொல்கிறேன். நிலத்தைத் தொடும்வரை அது காலநிலையியலாரான எங்கள் பொருள். தொட்ட பிறகு எவ்வளவு ஓடியது, எவ்வளவு உள்ளே இறங்கியது, எவ்வளவு ஆவியானது என்பது நீரியலார் கணக்கு.

இன்னொரு எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை மழை வருமா என்பது வானிலையியல். இந்த இடத்தில் சராசரியாக எப்போது, எவ்வளவு மழை பெய்யும், ஏன் அப்படி என்பது காலநிலையியல். உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. உலகமெங்கும் பயன்படும் காலநிலை வகைப்பாட்டைத் தந்த விளாடிமிர் கோப்பென் தாவரவியல் படித்தவர். எல்லைக்கோடுகளை அவர் வெறும் எண்களிலிருந்து எடுக்கவில்லை. மரங்கள் எங்கே நின்றுபோகின்றன என்று பார்த்தார். வெப்பமான மாதத்தின் சராசரி 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் இடத்தில் காடு முடிகிறது. அந்தக் கோடுதான் அவருடைய துருவக் காலநிலையின் எல்லை. எங்கள் துறையின் மிகப் புகழ்பெற்ற வரைபடம் செடிகொடிகளைப் பார்த்து வரையப்பட்டது. கிளைகளுக்கு இடையே சுவர் இருப்பதாக யாராவது சொன்னால் இதைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.

இளம்பிறை

இருவருக்கும் நன்றி. ஆனால் ஒரு கேள்வி. எல்லாம் இப்படி ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது என்றால் கிளைகளே எதற்கு? ஒரே பாடமாக வைத்தால் என்ன?

ஆழ்கடலோன்

இந்த இடத்தில் மேலே எழுதியவர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும், வேலைக்கு உதவாது. கேள்வி மட்டும் கிளையை உண்டாக்குவதில்லை, அளக்கும் முறையும் சேர்ந்துதான் உண்டாக்குகிறது.

1872 முதல் 1876 வரை பிரிட்டனின் சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றியது. எடை கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்கள். 1875-இல் மேற்குப் பசிபிக்கில் கயிறு 8,184 மீட்டர் இறங்கியது. கப்பலும் கயிறும் வெப்பமானியும் அந்த நிலைக்கு வந்த பிறகுதான் கடலியல் ஒரு துறையானது. இன்று ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் கடலில் மிதக்கின்றன. பெரும்பாலானவை பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து, வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. மண்குழி வெட்டிப் படிப்பவருக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். எனக்கு அவருடைய பயிற்சி கிடையாது. ஒருவர் வாழ்நாளில் இரண்டையும் ஆழமாகக் கற்க முடியாது, அதனால்தான் பிரிகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலியல் முழுவதும் புவியியலின் கிளை அல்ல. பாதிக்கு மேல் இயற்பியல், வேதியியல், உயிரியல். நீரோட்டங்கள் எங்கிருந்து எங்கே வெப்பத்தைக் கொண்டுபோகின்றன, கடல் தரையின் அமைப்பு என்ன, கரையோரத்தை அலை எப்படி மாற்றுகிறது என்ற பகுதிதான் புவியியலாருக்கு நெருக்கம். பட்டியல் போடும் நூல்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

வெண்பனி

பனியாறு நீர்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆற்று நீர் ஓடுவதற்கான விதிகள் பனிக்கட்டிக்குப் பொருந்தாது. பனியாறு திடப்பொருளாக இருந்துகொண்டே தன் எடையால் உருக்குலைந்து நகர்கிறது. அடியில் நீர் கசிந்திருந்தால் வழுக்கிக்கொண்டும் நகர்கிறது. இந்த இரண்டு அசைவுகளையும் புரிந்துகொள்ளத் தனி இயற்பியல் வேண்டும்.

அடுத்தது அளவு. உலகின் நன்னீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அண்டார்க்டிகாவுடையது 58 மீட்டர் அளவுக்கு வரும்.

அப்புறம் நினைவு. அண்டார்க்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டில் 8 லட்சம் ஆண்டுக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. பழைய வளிமண்டலத்தின் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று ஊகம் இல்லாமல் நேராகவே அளக்க முடிகிறது. காலநிலையியலாருக்கு இதைவிட நல்ல பதிவேடு கிடையாது.

பனி போன பிறகும் கதை முடியாது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள போத்னியா வளைகுடாவின் கரை இன்னும் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பனிவிரிப்பு உருகி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகிவிட்டன, நிலம் இன்னும் நிமிர்ந்து முடிக்கவில்லை.

ஓடைக்கல்

வெண்பனி சொன்னதோடு சேர்த்து ஒரு வரலாறு. ஆழ்கடலோன் சொல்வது சரிதான், பிரிவு வேண்டும். ஆனால் பிரிவு கண்ணை மறைத்த சம்பவமும் உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை வெட்டவெளியாகக் கிடக்கும் ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. நீர் இல்லாத அருவிகள், தாறுமாறாக வெட்டிக்கொண்டு ஓடும் வறண்ட கால்வாய்கள். ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதினார்: இது மெல்ல மெல்ல அரித்ததல்ல, ஒரு மாபெரும் வெள்ளம் ஒரே மூச்சில் வெட்டியது. பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. சிறு மாற்றங்கள் நெடுங்காலம் சேர்ந்துதான் நிலத்தை உருவாக்கும் என்பது அவர்களுக்கு அடிப்படைக் கொள்கை. திடீர் வெள்ளம் என்றாலே பழைய பிரளயக் கதை திரும்பி வருகிறதோ என்று அஞ்சினார்கள். 1927-இல் அவரைக் கூட்டத்துக்கு அழைத்து ஒருவர் பின் ஒருவராக எதிர்த்துப் பேசினார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் உறுதியான பதில் இல்லை.

பதில் பனியில் இருந்தது. பனியுகத்தில் ஒரு பனிநாக்கு கிளார்க் ஃபோர்க் ஆற்றை மறித்து அணையாக நின்றது. பின்னால் மிசூலா என்னும் பெரிய ஏரி தேங்கியது. அணை உடையும்போதெல்லாம் ஏரி முழுவதும் ஒரேயடியாக வெளியேறியது. ஜோசஃப் பார்டி 1940-இல் அந்த ஏரியின் அடியில் பிரம்மாண்டமான அலைவரிகளைக் காட்டினார். ஓடைமணலில் விரலளவு தெரியும் வரிகள் அங்கே சில மீட்டர் உயரத்தில் கிடந்தன. ஏரி மெல்ல வடியவில்லை, பாய்ந்து வெளியேறியது என்பதற்கு அதுவே சான்று. 1979-இல் பிரெட்ஸுக்கு நிலவியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள். பனியாற்றியல், நீரியல், புவிப்புறவியல் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நிலம் புரிந்தது.

நிழற்காடு

உயிர்ப்புவியியல் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. சூழலியலோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓர் உயிர் இந்த இடத்தில் எப்படி வாழ்கிறது, எதைத் தின்கிறது, யாரோடு போட்டியிடுகிறது என்று கேட்பது சூழலியல். அது இங்கே ஏன் இருக்கிறது, அதே தட்பவெப்பம் உள்ள அடுத்த இடத்தில் ஏன் இல்லை என்று கேட்பது உயிர்ப்புவியியல்.

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர்தான். காலநிலை ஏறக்குறைய ஒன்று. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1856-இல் அங்கே போனபோது பறவைகள் மாறியிருப்பதைக் கண்டார். ஒரு கரையில் ஆசிய இனங்கள், மறு கரையில் காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளி உள்ளிட்ட ஆஸ்திரேலியச் சாயல் கொண்ட இனங்கள். காரணம் நடுவில் உள்ள ஆழம். பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு நிலமாக ஒட்டிக்கொண்டன. லொம்போக் நீரிணை அதைவிட ஆழம், அதனால் அது மூடவே இல்லை. ஒரு பறவை ஏன் இங்கே இல்லை என்பதற்குப் பதில் சொல்லக் கடலின் ஆழமும் பனியுக அளவும் வேண்டியிருக்கிறது.

வேரடிமண்

மண்ணியலைப் பட்டியலின் கடைசியில் போடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். என் கருத்தில் இதைத்தான் நடுவில் வைக்க வேண்டும்.

வெகுகாலம் மண் என்றால் பொடிந்த பாறை என்றே எண்ணினார்கள். ரஷ்யாவில் வசிலி டொகுசாயெவ் புல்வெளிக் கருமண்ணை ஆராய்ந்து 1883-இல் நூல் வெளியிட்டார். மண் தனியான ஓர் இயற்கைப் பொருள், அதற்குப் பிறப்பும் வளர்ச்சியும் உண்டு, பாறை ஒன்றாகவே இருந்தாலும் தட்பவெப்பம் மாறினால் மண் மாறும் என்றார். 1941-இல் ஹான்ஸ் ஜென்னி ஐந்து காரணிகளை வைத்து அதை எழுதினார்: காலநிலை, உயிர்கள், நிலத்தின் மேடுபள்ள அமைப்பு, மூலப்பாறை, காலம். அந்த ஐந்தையும் பாருங்கள். முதலாவது மாரிமுகிலுடையது, இரண்டாவது நிழற்காடு சொன்னது, மூன்றாவது ஓடைக்கல்லுடையது. ஒரு மண்குழியின் சுவரைப் படிக்கத் தெரிந்தவர் இந்த எல்லோருடைய வேலையின் விளைவையும் ஒரே இடத்தில் பார்க்கிறார்.

இளம்பிறை கேட்ட கேள்விக்கு ஒரு முழு எடுத்துக்காட்டு தருகிறேன். அமேசான் காட்டின் பெரும்பகுதி வளமான மண்ணில் வளரவில்லை. லட்சக்கணக்கான ஆண்டு மழை பாஸ்பரஸைக் கரைத்து ஆற்றில் தள்ளிவிட்டது. எஞ்சியது இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண், அது மிச்சமிருக்கும் பாஸ்பரஸையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். காடு உதிர்ந்த இலையிலிருந்தே தன் ஊட்டத்தை மீண்டும் மீண்டும் எடுத்து வாழ்கிறது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கசிந்துபோகத்தானே செய்யும்? அதை ஈடுகட்டுவது எது?

ஒரு பகுதி சஹாராவிலிருந்து வருகிறது. 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்துக் கணக்கிட்டார்கள்: ஆண்டுக்குச் சராசரியாக 2.7 கோடி டன்னுக்கு மேல் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் படுகையில் விழுகிறது. அதில் பாஸ்பரஸ் சுமார் 22,000 டன். மழையும் வெள்ளமும் கொண்டுபோகும் அளவுக்கு அது ஏறக்குறைய சமம் என்று மதிப்பிட்டார்கள்.

மாரிமுகில்

வேரடிமண், இதை எடுத்தது அருமை. காற்றின் பங்கை நான் சேர்க்கிறேன். அந்தத் தூசியின் முக்கிய மூலங்களில் ஒன்று சாட் நாட்டின் போடெலே பள்ளம். வடக்கே திபெஸ்தி மலை, கிழக்கே என்னெடி பீடபூமி. வடகிழக்கிலிருந்து வரும் காற்று இரண்டுக்கும் நடுவே நெருக்கப்பட்டு வேகம் கூடி, நேராக அந்தப் பள்ளத்தின் மேல் இறங்குகிறது. குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். மலைகள் அந்த இடத்தில் இல்லாமல் போயிருந்தால் இவ்வளவு தூசி எழாது.

ஒரு திருத்தமும் வேண்டும். பிந்தைய ஆய்வுகளில் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் புல்வெளிகள் எரியும்போது எழும் புகையும் அமேசானுக்குக் கணிசமான பாஸ்பரஸ் தருவது தெரிந்தது. ஆக, போடெலேதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஆழ்கடலோன்

தூசியின் பெரும்பங்கு அமேசானை எட்டுவதில்லை, வழியிலேயே விழுகிறது. அட்லாண்டிக்கில் விழும் பங்கு மிதவை உயிரிகளுக்கு இரும்புச்சத்து. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேரடிமண்

கடைசிப் பகுதியைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம், வேண்டுமென்றேதான் இங்கே வைக்கிறேன். போடெலேயில் பறப்பதில் பெரும்பகுதி சாதாரண மணல் அல்ல, டயாட்டம் என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள். பாலைவனத்தில் நீர்வாழ் உயிரின் ஓடு எப்படி வந்தது? சஹாரா பசுமையாக இருந்த காலத்தில், ஏறக்குறைய 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே காஸ்பியன் கடலுக்கு ஈடான பரப்பில் ஒரு ஏரி இருந்தது. இன்றைய சாட் ஏரி அதன் சிறு மிச்சம். போடெலே அதன் மிக ஆழமான பகுதி. அங்கே வாழ்ந்து மடிந்த உயிர்கள்தான் இன்று கடல் கடந்து காட்டுக்கு உரமாகின்றன. ஏரிகளைப் படிக்கும் ஏரியியலும், மறைந்த நிலப்பரப்புகளைப் படிக்கும் தொல்புவியியலும் இல்லாமல் இந்தக் கதைக்குத் தொடக்கமே கிடையாது.

இளம்பிறை

பிரமிப்பாக இருக்கிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டில் பட்டியல் முழுவதும் வந்துவிட்டது. நீரியல் மட்டும் கொஞ்சம் குறைவாகப் பேசப்பட்டிருக்கிறது. அதற்கும் யாராவது சொல்லுங்களேன். அப்படியே, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓடைக்கல்

நீரியல் கணக்குப் பார்ப்பதில் பிறந்தது. ஆறுகளுக்கு மழை போதாது, நிலத்துக்கடியில் கடல்நீர் ஏறி ஊற்றாக வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பியேர் பெரோ 1674-இல் செய்ன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்த மழையையும் ஆற்றில் ஓடிய நீரையும் கணக்கிட்டார். மழை ஆற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தது. அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் இன்றுவரை நீரியலின் மையக் கேள்வி. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரு படுகைக்குச் சமன்செய்து காட்டுவதே அடிப்படை வேலை.

படிக்கும் வரிசை: என்னைக் கேட்டால் காலநிலையியல், பிறகு நீரியல், பிறகு புவிப்புறவியல். வெப்பமும் நீரும் எங்கே போகின்றன என்று தெரிந்தால் நிலத்தின் வடிவம் தானாக விளங்கும்.

வேரடிமண்

ஓடைக்கல் சொன்ன வரிசை தேர்வுக்குச் சரி. புரிந்துகொள்வதற்கு வேறு வழி இருக்கிறது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அதைப் பற்றிக் கேள்விகளை எழுதுங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கிளை பதில் சொல்லும் என்று பிரித்துப் பாருங்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் தொடங்குங்கள். செயற்கைக்கோள் படம் எளிதாகக் கிடைக்கும்.

இளம்பிறை

முயன்று பார்த்தேன், படித்ததை வைத்து எழுதுகிறேன்.

ஆறு ஏன் கடலுக்குப் போகாமல் கலஹாரியின் மணலில் விரிந்து முடிகிறது: நிலப்பிளவுகள் குறுக்கே நிற்கின்றன, இது நிலவியலும் புவிப்புறவியலும். உள்ளூரில் மழை இல்லாத ஜூன், ஜூலையில் ஏன் வெள்ளம் உச்சத்தில் இருக்கிறது: அங்கோலா மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த மழை தட்டையான சரிவில் மெல்ல வந்துசேர மாதங்கள் ஆகின்றன, இது நீரியல். வரும் நீரில் மிகப் பெரும்பங்கு ஆவியாகவும் இலைவழியாகவும் போய்விடுகிறது, இது காலநிலையியலும் உயிர்ப்புவியியலும். இவ்வளவு நீர் ஆவியாகியும் கழிமுகம் ஏன் உப்பளமாகவில்லை என்பதற்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வேரடிமண்

நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள். அங்கே உள்ள தீவுகளில் பல கரையான் புற்றிலிருந்து தொடங்கியவை. புற்று வெள்ளத்துக்கு மேலே சற்று உயர்ந்து நிற்கும், அதில் மரம் வளரும். மரங்கள் சுற்றியுள்ள நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. நீர் இலைவழியே போகிறது, கரைந்திருந்த உப்பு தீவின் நடுப்பகுதிக்கு அடியில் சேர்கிறது. அதனால்தான் பல தீவுகளின் விளிம்பில் பசுமையான மரங்களும் நடுவில் வெறும் வெள்ளைத் திட்டும் தெரிகின்றன. உப்பு தீவுக்குள் பூட்டப்படுவதால் சுற்றியுள்ள நீர் நன்னீராகவே இருக்கிறது.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த வெள்ளைத் திட்டுகள் தெளிவாகத் தெரியும். அடுத்து தென்கிழக்கே மக்கடிக்கடி உப்புப் படுகைக்குப் போங்கள். அதுவும் ஒரு பழைய ஏரிதான். அங்கே உப்பு ஏன் தப்பவில்லை என்று எழுதி இங்கே போடுங்கள், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.